யாழ்ப்பாணத்துத் திருமணப் படப்பிடிப்பாளர்: தொழிலும் இல்லமும்

யாழ்ப்பாணச் சமூக வரலாறு பற்றி இதுகாறும் வெளிவந்த ஆய்வுகள் நிலவுடைமை, கோயில், சாதியமைப்பு, கல்வி, மிஷனரிமாரின் பணி ஆகியவற்றிலேயே பெரிதும் கவனஞ் செலுத்தியுள்ளன. தொழில்களைப் பற்றி எழுதியோரும் கமக்காரர், பொற்கொல்லர், தச்சர், சுருட்டுத் தொழிலாளர் என்ற எல்லையைத் தாண்டிச் சென்றது குறைவு. ஆயின் இப்பிரதேசத்திலே விறாந்தையிலோ மண்டபத்திலோ ஒரு திருமணப் படம் தொங்காத வீட்டைக் காண்பது அரிது. அப்படத்தை எடுத்தவர் யார், அவர் எவ்வாறு உழைத்தார், அவ்வுழைப்பிலே அவர் இல்லத்தார் கொண்ட பங்கு யாது என்ற வினாக்களை நாம் எழுப்பியதில்லை. திருமணத்துக்கு வந்தோர் யாவரும் படத்தில் இருக்கின்றனர். எடுத்தவர் மாத்திரம் இல்லை. வரலாற்றெழுத்திலும் அவருக்கு அதே கதி நேர்ந்துவிட்டது போலும்.

திருமணப் படப்பிடிப்பு என்பது கமரா ஏந்திய ஒருவரின் தனித்திறனாக மாத்திரம் நோக்கத்தக்கதன்று. அது ஒரு குடும்பத்தின் கூட்டுழைப்பு. அதிலும் வெளித்தெரியாத பெரும்பகுதி பெண்களாலும் பிள்ளைகளாலும் ஆற்றப்பட்டது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1839ஆம் ஆண்டு பிரான்சிலே டகேரின் முறை பகிரங்கப்படுத்தப்பட்டதன் பின்னர், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே படப்பிடிப்புக் கலை இலங்கையை வந்தடைந்துவிட்டது. கொழும்பில் ஸ்கீன், கண்டியில் ஸ்கோவன், 1890இல் தொடங்கப்பட்ட பிளாற்றே முதலிய நிறுவனங்கள் துரைமாரின் தேவையையும் பயணிகளின் விருப்பத்தையும் நிறைவு செய்தன. புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானார். அவர் இங்கு எடுத்த படங்களிலே கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் காணப்படுகின்றனர். ஆயின் அவர்களுட் பெரும்பாலாரின் பெயர் எமக்குக் கிடைக்கவில்லை. அக்காலத்துப் படங்களிலே சுதேசிகள் மாதிரிகளாகவே நின்றனர். 'தமிழ்ப் பெண்', 'கூலியாள்' என்பனவே அவற்றின் தலைப்புக்கள். தன்னுடைய படத்தைத் தானே பணங்கொடுத்து எடுப்பித்து, தன் பெயரை அதன் கீழே எழுதுவித்து, தன் வீட்டுச் சுவரிலே தொங்கவிடும் நிலை வந்தபொழுதே இந்நாட்டவர் படத்தின் பொருளாக இருந்த நிலைமாறிப் படத்தின் உடைமையாளராயினர். அம்மாற்றத்தை நிகழ்த்தியவற்றுள் திருமணப் படம் தலையாயது. யாழ்ப்பாணத்திலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் எஸ். கே. லோட்டன் போன்றோர் தொழில் நடத்தியமை, படப்பிடிப்பு இங்கு சுதேசிகளின் கைக்கு வந்துவிட்டமையைக் காட்டுகின்றது.

தொடக்கத்திலே மணமக்கள்தாம் படப்பிடிப்பாளரிடம் சென்றனர். சடங்கு முடிந்து சில நாள்களின் பின், கூறைச் சேலையும் தலைப்பாகையும் மீண்டும் அணிந்து, வண்டியேறிப் பட்டினத்து ஸ்ரூடியோவை அடைந்து, தீட்டிய திரைக்கு முன்னால் அசையாது நின்றனர். கணவன் கதிரையில் இருக்க, மனைவி பக்கத்தில் நிற்பாள். அக்காலத்துப் படங்களிலே முகங்கள் இறுகிக் காணப்படுவதைக் கண்டு, அக்காலத்தார் மகிழ்ச்சியறியாதவர் என்று இக்கால இளைஞர் நகைப்பதுண்டு. நீண்ட நேர ஒளிபதிவுக்கு அசையாதிருக்க வேண்டிய கட்டாயமும், அந்நியர் முன் பல்லைக் காட்டலாகாது என்ற ஒழுக்கமும் சேர்ந்து விளைத்த இறுக்கம் அது.

படப்பிடிப்பாளரைத் திருமண வீட்டுக்குக் கொணர்ந்தது ஒளி. மக்னீசியத் தூளை எரித்து ஒளி பெறும் பழைய முறையைக் கிடுகு வேய்ந்த பந்தலின் கீழே கையாளுவது எத்துணை ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1930 அளவில் மேனாடுகளில் விற்பனைக்கு வந்த மின்வெட்டுக் குமிழ் இத்தடையை நீக்கியது. ஒரு குமிழ் ஒரு படத்துக்கே உதவும். எரிந்ததும் கையைச் சுடும். அதனைக் கழற்றி எறிந்துவிட்டு மற்றொன்றைப் பொருத்தல் வேண்டும். எனினும் பெற்றோல்மாக்ஸ் விளக்கொளியில் நிகழ்ந்த இரவுக் கலியாணங்களும் இதனாற் படத்தில் அடங்கின.

அவர் நுழைந்த களத்தின் தன்மை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்துத் திருமணத்திலே ஒவ்வொரு தொழிலாளருக்கும் மரபுவழி வந்த இடமும் கடமையும் உரிமையும் இருந்தன. பொன்னுருக்கப் பொற்கொல்லர், வெள்ளை கட்டச் சலவைத் தொழிலாளர், கெட்டிமேளம் கொட்ட மேளகாரர் என்று குடிமை முறை அனைத்தையும் வகுத்து வைத்திருந்தது. படப்பிடிப்பாளருக்கு அம்முறையிலே இடமில்லை. எந்தச் சாதிக்கும் உரிய தொழிலாக அது விதிக்கப்படவில்லை. அவர் பேசிய கூலிக்கு வந்தவர், அச்சாரம் பெற்றவர், பணத்தைத் தவிர வேறெந்தப் பிணைப்பும் அவ்வீட்டாருடன் இல்லாதவர். எனினும் மணவறைக்கு மிக அண்மையிலே, குருக்களுக்கு எதிர்ப்புறத்திலே அவருக்கு இடம் விடப்பட்டது. மணமகளின் முகத்தை உற்றுநோக்கவும், நாடியைச் சற்று நிமிர்த்துமாறு பணிக்கவும் அவ்வூரில் வேறெந்த அந்நிய ஆடவனுக்கும் இல்லாத உரிமை அவருக்கு இருந்தது. பழைய சமூக அமைப்பின் இதயத்துக்குள்ளே காசு உறவு எவ்வளவு அமைதியாகப் புகுந்தது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை என்றே கருதுகின்றோம்.

அவர் கையிலிருந்த கருவியைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். 1929இல் ஜேர்மனியில் வெளிவந்த ரோலிபிளெக்ஸ், பின்னர் அதன் வழியில் யப்பானியர் செய்த மலிவான யஷிகா ஆகிய இரட்டைவில்லைக் கமராக்களே பல்லாண்டுகள் இத்தொழிலைத் தாங்கின. இவற்றை நெஞ்சுக்குக் கீழே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடியிலே தெரியும் பிம்பம் இடம் வலம் மாறித் தோன்றும். பழகாதவன் மணமகன் வலப்புறம் அசைந்தால் தானும் தவறான பக்கம் திரும்புவான். 120 வகைப் பிலிம் றோல் ஒன்றிலே ஆறு சதம மீற்றர்ச் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் மாத்திரமே எடுக்கலாம். ஆகவே இத்தொழிலின் முதற்கலை எண்ணிக்கை. கன்னிகாதானம் முடியும்பொழுது றோலிலே எத்தனை மீதியுண்டு என்பதை அறியாதவர் தாலி கட்டும் வேளையிலே வெறுங்கமராவுடன் நிற்க நேரிடும். அனுபவசாலிகள் பன்னிரண்டு முடியும்வரை காத்திராது, ஒன்றிரண்டு படம் வீணாயினும் சரியென்று முகூர்த்தத்துக்கு முன்னரே புதிய றோலை மாற்றிக்கொள்வர்.

கெட்டிமேளம் எழுகின்றது, உறவினர் எழுந்து நெருக்குகின்றனர், பூவும் அரிசியும் பறக்கின்றன, மணமகனின் கை மணமகளின் கழுத்தை மறைக்கின்றது. அவ்விரண்டொரு கணத்துக்குள் குமிழ் மாற்றி மறுபடியும் எடுக்க வழியில்லை. ஒரே ஒரு படம். அது தவறினால்? படப்பிடிப்பாளர் மணமகனைத் தாலியை மீண்டும் பிடிக்குமாறு மெதுவாகக் கேட்பார். முகூர்த்தம் தவறாது முடிந்துவிட்டதால் குருக்களும் பெரும்பாலும் காணாதவர் போல் இருந்துவிடுவார். வரலாற்று மாணவர் இதனை அறிந்திருத்தல் அவசியம். அல்பத்திலுள்ள தாலி கட்டும் படம் எப்பொழுதும் தாலி கட்டியபோது எடுக்கப்பட்டதன்று. அதனைக் கண்டறிய வழியுண்டு. சூழ நிற்போரின் கண்கள் தாலியை நோக்காது கமராவை நோக்கின், மணமகளின் கூந்தலிலே அரிசி ஏற்கெனவே சிதறிக் கிடப்பின், அது பெரும்பாலும் மறுமுறை நிகழ்த்தியதே. ஆவணம் பொய்யென்று இதனாற் கொள்ளலாகாது. குடும்பம் தன்னை எவ்வாறு நினைவுகூர விரும்பியது என்பதற்கு அது உண்மையான சான்று.

மற்றொன்றையும் குறிப்பிடாது செல்ல மனமில்லை. மங்கலச் சடங்குகளிலே கைம்பெண் முன்வருதல் ஆகாது என்பது வழக்கம். பெற்ற தாயேயாயினும் ஒதுங்கியே நிற்பாள். ஆயின் சடங்கு முடிந்தபின் எடுக்கப்படும் குடும்பக் கூட்டுப் படத்திலே அவளுக்கு இடமுண்டு. பழைய அல்பங்களைப் புரட்டும்பொழுது, முன்னைய பக்கங்கள் எவற்றிலும் காணப்படாத வெள்ளைச் சேலை உடுத்த முதியவள், இறுதிப் படத்திலே நடுக்கதிரையில் அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். அவளை அழைத்து அக்கதிரையில் இருத்தியவர் யார்? வரிசை அமைப்பது படப்பிடிப்பாளரின் அதிகாரம். 'அம்மா இல்லாமல் எடுக்க ஏலாது' என்று ஓர் அந்நியர் கூறுவது சில வேளைகளில் வீட்டாருக்கும் ஆறுதலாக இருந்திருத்தல் கூடும்.

இனித் திருமண வீட்டை விட்டுப் படப்பிடிப்பாளரின் வீட்டுக்குச் செல்வோம். நாம் சிறுவராயிருந்த காலத்தில் அறிந்த வலிகாமத்து வீடொன்று ஈண்டு நினைவுக்கு வருகின்றது. பழைய குசினியை ஒட்டிய களஞ்சிய அறையே அவ்வீட்டின் இருட்டறை. படங்கழுவும் திரவத்துக்குச் சாதாரணமாகக் கூறப்படும் வெப்பநிலை 20 பாகை சதமளவு. யாழ்ப்பாணத்திலோ இரவிலும் அது வாய்ப்பதில்லை. சூடேறினாற் பிலிமின் மேலுள்ள செலற்றின் படை இளகிச் சுருங்கும். ஆதலால் வேலை நள்ளிரவுக்குப் பின்னரே நடந்தது. திரவத் தட்டுக்கள் ஈரச் சாக்கின் மேல் வைக்கப்பட்டன. படையை இறுக்கப் படிகாரம் கலக்கப்பட்டது. திருமண வீட்டிலே பந்தி முடியும்வரை நின்று, கடைசிப் பந்தியில் அவசரமாக உண்டுவிட்டுச் சைக்கிளில் திரும்பியவர் உறங்கவில்லை.

அவர் மனைவியும் உறங்கவில்லை. ஹைப்போவில் இருந்து எடுத்த படங்களை நீண்ட நேரம் ஓடும் நீரிற் கழுவுதல் வேண்டும்; இல்லையேல் சில ஆண்டுகளில் அவை மஞ்சளாகிவிடும். குழாய்நீர் இல்லாத ஊரிலே ஓடும் நீர் என்பது துலாவினாலே இறைக்கும் நீர். எத்தனை வாளி இறைத்தார் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் பதியவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லினூடாக வருவது, வன்மையானது. உலரும்பொழுது நெகற்றிவ்விலே வெண்புள்ளி விடும். ஆகவே பிடித்து வைத்த மழைநீரிலே கடைசியாக ஒருமுறை தோய்த்தெடுப்பது அவ்வம்மையார் தாமே கண்டறிந்த முறை. திரவத்திலுள்ள மெற்றோல் அவருடைய விரல்களைப் பதம் பார்த்தது. சொறியும் வெடிப்புமாயிருந்த அக்கைகளைக் கண்டு, அவர் பிட்டவித்துக் கொடுத்தால் உண்ணத் தயங்கிய அயலாரும் இருந்தனர்.

பிள்ளைகளுக்கும் பங்கிருந்தது. மூத்த மகள் தூரிகை நுனியால் படத்திலுள்ள வெண்புள்ளிகளை அடைப்பாள். இளையவர்கள் மூலையொட்டிகளை நக்கி ஒட்டுவர். சிலந்திவலைக் கோலமுள்ள மெல்லிய தாளை அல்பப் பக்கங்களுக்கிடையே இடுவர். நெகற்றிவ்விலே கூரிய பென்சிலால் மணமகளின் முகத்து அம்மைத் தழும்பை அழிப்பது தந்தையின் வேலை. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இறப்பர் முத்திரை குத்தி, நெகற்றிவ் இலக்கத்தைப் பென்சிலால் எழுதுவது தாயின் வேலை. இவர்கள் எவருக்கும் கூலியில்லை. விலை பேசப்பட்டபொழுது இவ்வுழைப்பு எண்ணப்படவுமில்லை. அது எண்ணப்படாமையினாலேயே நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய விலையில் அல்பம் கிடைத்தது.

வருமானமோ பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. தை, வைகாசி, ஆவணி மாதங்களின் நல்ல நாள்களிலே ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மூன்று அழைப்பு வரும். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இராது. அம்மாதங்களைக் கோயில் திருவிழாவும் பாடசாலைக் குழுப் படமும் தரகர் கேட்கும் பெண்பார்க்கும் படமும் ஓரளவு நிரப்பின. 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை வழங்கப்படத் தொடங்கியமை இத்தொழிலாளருக்கு எதிர்பாராத உதவியாயிற்று. அல்பத்துக்குரிய மீதிப் பணமோ இலகுவில் வருவதில்லை. சீதனத்துக்கும் சாப்பாட்டுக்கும் கடன்பட்ட வீட்டார் படக்காரரின் கணக்கைக் கடைசியிலேயே தீர்ப்பர். எடுத்துச் செல்லப்படாத அல்பங்கள் அவ்வீட்டு அலுமாரியிலே ஆண்டுக்கணக்கிற் கிடந்தன. அவற்றிற் சில உரியவர் கைக்குப் போகும்பொழுது அத்தம்பதியரின் பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது.

படப்பிடிப்பாளரின் சொந்த உறவினர் வீட்டுத் திருமணங்களிலும் அவர் விருந்தினராக இருந்ததில்லை. மாமன் முறைக்குரிய சடங்கைச் செய்யவேண்டிய வேளையிலே கமராவை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு ஓடிவருவார். முடிந்ததும் மீண்டும் வாங்கிக்கொள்வார். அவ்வீட்டாரின் சொந்த அல்பம் மிக மெலிந்தது. அதில் தந்தையார் காணப்படும் படங்கள் நான்கோ ஐந்தோதான். அவற்றுள்ளும் இரண்டு சரிந்திருக்கின்றன.

1970 முதல் 1977 வரையான காலப்பகுதி இத்தொழிலை ஒரு முரண்பாட்டுக்குள் தள்ளியது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபொழுது வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட யாழ்ப்பாணத்துக் கமக்காரர் முன்னொருபோதும் காணாத வருவாயைப் பெற்றனர். திருமணங்கள் பெருத்தன, படங்களுக்கான கேள்வியும் பெருத்தது. ஆனால் அதே கொள்கையினால் பிலிமும் படத்தாளும் இரசாயனமும் அருமையாயின. கமக்காரரிடம் பணம் இருந்தது. படக்காரரிடம் றோல் இல்லை. இரண்டு றோலுக்குள், இருபத்து நான்கு படங்களுக்குள், ஒரு முழுத் திருமணத்தையும் சொல்லி முடித்த அல்பங்கள் இக்காலத்தவை. அவற்றிலே வீண் படமென்று ஒன்றில்லை. இன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுவதை நோக்கும்பொழுது அச்சிக்கனத்திலே ஒரு தெளிவிருந்ததாக எமக்குத் தோன்றுகின்றது. இது முதுமையின் குறையாகவும் இருக்கலாம்.

1977இன் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. திறந்த பொருளாதாரத்தினால் வெளிநாட்டு மிளகாய் வந்து கமக்காரரைத் தாக்கியது. வெளிநாட்டுப் பிலிமும் தாராளமாக வந்தது. அத்துடன் வந்தது வர்ணப்படம். கொடாக் நிறுவனம் 1972இல் அறிமுகஞ் செய்த வர்ண நெகற்றிவ் முறையிலே திரவத்தை 37.8 பாகையிலே சிறிதும் பிசகாது வைத்திருத்தல் வேண்டும். ஈரச் சாக்கும் படிகாரமும் இதற்கு உதவா, இயந்திரம் வேண்டும். றோல்கள் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்பட்டன. இருட்டறை மூடப்பட்டது. இதனாற் பெண்களின் சுமை குறைந்தது என்பது உண்மையே. ஆனால் குடும்பத்துக்குள் தங்கிய வருமானத்தின் பெரும்பங்கு வெளியே சென்றதும், எடுப்பவர் வேறு கழுவுபவர் வேறு என்றாகியதும் உண்மை. மேலும், வீட்டிலே நன்றாகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளி உலோகத்தாலானவை, நிலைத்தன. அக்காலத்து வர்ணப் படங்கள் சாயத்தாலானவை. பல இன்று மங்கிச் செந்நிறம் பூத்துவிட்டன. ஐம்பதுகளிலே மணமுடித்த பாட்டியின் முகம் தெளிவாயிருக்க, எண்பதுகளிலே மணமுடித்த மகளின் முகம் மறைந்துகொண்டிருப்பதைப் பல வீடுகளிற் காணலாம்.

1983இன் பின் அல்பம் மற்றொரு பணியை ஏற்றது. இந்நாட்டிலே வழக்கப்படி நிகழும் திருமணத்துக்குப் பதிவு கட்டாயமாயிருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்த கணவனிடம் செல்லும் பெண், தான் மனைவியே என்பதை அந்நிய அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. பதிவுச் சான்றிதழோடு தாலி கட்டும் படமும், உறவினர் சூழ்ந்த கூட்டுப் படமும் விண்ணப்பத்தில் இணைக்கப்பட்டன. மறுமுறை நிகழ்த்திய படமும் இவ்வாறு சட்டச் சான்றாயிற்று.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை; பற்றரியும் எரிபொருளும் தடைப்பட்ட பொருள்களாயின. முன்னர் கூறிய வீட்டிலே மூடிய இருட்டறை மீண்டும் திறக்கப்பட்டது. பழைய கார் பற்றரியைச் சைக்கிள் டைனமோவினால் ஏற்றி, பெருப்பிக்கும் கருவியிலே சிறு குமிழைப் பொருத்தி, எஞ்சியிருந்த தாள்களில் படம் எடுத்தனர். அம்மையாருக்கு அப்பொழுது அறுபது வயது. துலாவை இப்பொழுது மருமகள் மிதித்தாள்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே வெளியேறியபொழுது, பலர் உடுபுடவையுடன் அல்பத்தையும் கொண்டு சென்றனர். படப்பிடிப்பாளரின் வீட்டாருக்கு அது இயலவில்லை. அவர்களிடம் இருந்தது தம்முடைய அல்பம் ஒன்றன்று. ஊராரின் நெகற்றிவ்கள் யாவும். பிஸ்கற் தகரங்களிலே ஆண்டுவாரியாக அடுக்கிய முப்பதாண்டுச் சேகரம் அது. கமராவையும் இலக்கப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தகரங்களை இருட்டறையிலே பூட்டிவிட்டுச் சென்றனர். 1996இல் திரும்பி வந்தபொழுது கூரை இல்லை. ஒரு மாரிகால மழை முழுவதும் அத்தகரங்களிலே இறங்கியிருந்தது. செலற்றின் படை கரைந்து, நெகற்றிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. நூலகம் எரிந்தது. உலகம் அதனை அறியும். இத்தகைய வீடுகள் எத்தனை என்பதற்கோ பட்டியல் எதுவும் எழுதப்படவில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணக முயற்சி நூல்களையும் பத்திரிகைகளையும் பெருமளவில் காப்பாற்றியுள்ளது. குடும்ப அல்பங்களையும் அவ்வாறே படியெடுத்தல் இயலும். ஆயின் படியெடுப்போர் படத்தின் முகப்பை மாத்திரம் எடுத்துவிடுகின்றனர். பின்புறத்தையும் எடுத்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். ஸ்ரூடியோவின் முத்திரையும், இலக்கமும், எழுதியவரின் கையெழுத்தும் அங்கேயே உள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன் கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் தம் பெற்றோரின் திருமணப் படத்தைப் புதுப்பித்துத் தருமாறு அவ்வீட்டுக்குக் கொண்டுவந்தனர். மூத்தவர் படத்தை நெடுநேரம் நோக்கினார்; மணமக்களை அவருக்கு நினைவில்லை. பின்னர் அதனைத் திருப்பினார். மங்கிய பென்சிலெழுத்திலே இலக்கம் இருந்தது. அவர் எழுந்து சென்று இலக்கப் புத்தகத்தை எடுத்து வந்தார். மணமக்களின் பெயர், ஊர், நாள், றோல்கள் மூன்று, மீதி நாற்பது ரூபா என்றிருந்தது. அதே கையெழுத்து. மீதி பெறப்பட்டதற்கான குறி இல்லை. வந்தவர்கள் அதனைக் கண்டு பணத்தை எடுத்தபொழுது அவர் வாங்கவில்லை; அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்துச் செல்லுமாறு கூறினார்.